கூரை விளிம்பை வெட்டலாமா, நீட்டலாமா? பழைய வீட்டுத் தாழ்வாரமும் பின்கட்டுப் புது அறையும்

கோட்டையூர்_வளவு

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் எங்கள் பங்கு வீட்டில் இரண்டாங்கட்டு முற்றத்தைச் சுற்றி ஓட்டுத் தாழ்வாரம். முற்றத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கைமரங்களின் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்கள்) நுனி பல இடத்தில் இத்துப்போயிருக்கிறது. வடகிழக்கு மூலையில், இரண்டு பக்கச் சாய்வும் சேருகிற கூடல்வாய்க்கு நேர் கீழே விரலை வைத்தால் மரம் மாவாகக் கொட்டுகிறது. மற்ற மூன்று மூலையும் சுமார்தான். நடுப்பகுதி பரவாயில்லை.

பார்க்க வந்த கான்ட்ராக்டர், "நுனியை எல்லாம் ஒன்றரை அடி வெட்டிவிட்டு, தூணுக்கு நேராக நிறுத்தி, தண்ணீர் ஓடத் தகரப் பீலி அடித்துவிடலாம். செலவு குறையும், முற்றத்துக்கு வெளிச்சமும் கூடும்" என்கிறார். பங்காளிகளில் பாதிப் பேர் சரி என்றுவிட்டார்கள்.

கூடவே பின்கட்டில் புதிதாக ஓர் அறை எடுக்கிறோம். சாய்வாகக் கான்கிரீட் போட்டு மேலே ஓடு பதிக்கிற பிளான். அந்த டிசைனில் கூரை சுவரோடு சுவராக முடிந்துவிடுகிறது, வெளியே நீட்டலே இல்லை. இப்போது எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்கிறார்கள்.

பழைய விளிம்பை வெட்டினால் என்ன ஆகும்? புது அறைக்கு நீட்டல் வேண்டுமா, வேண்டுமென்றால் எத்தனை அடி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்_மரவேலை

தம்பி, தயவுசெய்து வெட்டச் சொல்லாதீங்க. அந்த ஒன்றரை அடி அழகுக்கு விட்டதில்லை. இப்ப ஓட்டுத் தண்ணி எங்க விழுதுன்னு பாருங்க. தூணைத் தாண்டி, தாழ்வாரத் தளத்துக் கல்லைத் தாண்டி, முற்றத்துக்குள்ள விழுது. நுனியை வெட்டித் தூணுக்கு நேரா நிறுத்தினா அதே தண்ணி தூண் மேல கிடக்கிற உத்திரத்து முகத்துல விழும், அங்கேருந்து தூண்ல இறங்கும், தூண் அடியில போய்த் தேங்கும். பீலி இருக்கேம்பாங்க. பீலி அடைச்சா? ஐப்பசி மழையில ஒரு வேப்பங்கொத்து போதும் அடைக்க. நீட்டல் இருந்தா பீலி வழிஞ்சாலும் தண்ணி முற்றத்துலதான் விழும். நீட்டல் இல்லாட்டி வழியிற தண்ணி மொத்தமும் மரத்துக்குத்தான்.

உங்க தூணு பர்மாத் தேக்கா இருந்தா, அதுக்கு மாத்துத் தூணு இன்னைக்கு அந்த நீளத்துல, அந்தச் சுத்தளவுல வாங்கறது லேசில்ல. கைமர நுனி போனா ஒட்டுப் போட்டுக்கலாம். தூண் அடி போனா மேல இருக்கிற உத்திரம், கைமரம், ஓடு எல்லாத்துக்கும் முட்டுக் கொடுத்துட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கணும்.

முதல்ல எது எவ்வளவு போயிருக்குன்னு பாருங்க. ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு கைமரத்தையும் நுனியிலேருந்து உள்பக்கமா அரை அடிக்கு ஒரு தடவை குத்திப் பாருங்க. சொத்தையா உள்ள இறங்கற இடத்துல சாக்பீஸ் கோடு போடுங்க. மண்புத்து கோடு தெரிஞ்சா அது கரையான், வைத்தியம் வேற. புத்து இல்லாம மரம் கருத்து, சதுரம் சதுரமா வெடிச்சிருந்தா அது ஈரம் தின்ன மரம்.

சொத்தை நுனியோட நின்னிருந்தா அதுவரைக்கும் வெட்டி, புதுத் துண்டைச் சாய்வு வெட்டுல ஒட்டி, போல்ட் போட்டு இறுக்கலாம். ஒட்டு உத்திரத்துக்கு வெளிய தொங்கக் கூடாது. உத்திரத்தைத் தாண்டி உள்பக்கம் போய் உக்காரணும். வெளிய ரெண்டு அடி நீட்டினா உள்ள நாலு அடியாவது மரம் பிடிச்சிருக்கணும். இந்தக் கணக்கை விட்டுட்டு உத்திரத்து மேலேயே ஒட்டுப் போட்டா ஓட்டு எடையில நுனி தலை குனிஞ்சிடும்.

சிவகங்கை_சிவில்

மேலே சொன்னது முழுக்கச் சரி. மூலை மட்டும் ஏன் முதலில் இத்துப்போகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

தாழ்வாரத்தின் சாய்வு அகலம் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். நேரான விளிம்பில் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 12 சதுர அடிக் கூரையின் தண்ணீர் வந்து விழும். உள்மூலையில் இரண்டு பக்கச் சாய்வும் சேருகிற இடத்தில், ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் 72 சதுர அடி முக்கோணம், ஆக 144 சதுர அடியின் தண்ணீர் கூடல்வாய் வழியாக ஒரே புள்ளியில் வந்து கொட்டுகிறது. நேர் விளிம்பில் 12 அடி நீளத்துக்குப் பரவி விழுகிற தண்ணீர் இங்கே ஒரு முழ அகலத்துக்குள் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் அந்த ஒரு மூலையில் மட்டும் சுமார் 670 லிட்டர். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழையிலும், கோடையில் சாயங்காலம் அடித்துப் பெய்கிற இடிமழையிலும் இந்த வேகம் அதிசயமில்லை.

ஆகவே வடகிழக்கு மூலையில் முதலில் பார்க்க வேண்டியது கைமரத்தை அல்ல, கூடல்வாய்த் தகட்டை. தகடு ஓட்டுக்கு அடியில் இரு பக்கமும் போதுமான அளவு ஏறியிருக்கிறதா, கீழ் நுனியில் விளிம்பைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா, நடுவில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். தகடு விளிம்புக்கு முன்னாலேயே முடிந்திருந்தால் அத்தனை தண்ணீரும் மூலைக் கைமரத்தின் தலையில்தான் இறங்கும். இதைச் சரி செய்யாமல் புது மரம் போட்டால் அதுவும் போகும்.

புது அறை பற்றித் தனியாக எழுதுகிறேன்.

தேவகோட்டை_ஆச்சி

தம்பி, நான் எஞ்சினியர் இல்லை. அறுபது வயசு வரைக்கும் வளவு வீட்டுல புழங்கினவ. முற்றத்துல போய் உக்காந்து கல்லைப் பாரு. பழைய வீட்டுல ஓட்டு நுனிக்கு நேர் கீழ முற்றத்துக் கல்லுல வரிசையாச் சின்னச் சின்னக் குழி இருக்கும். ஒவ்வொரு ஓட்டு வாய்க்கும் ஒரு குழி. அத்தனை வருஷமா சொட்டு அதே இடத்துல விழுந்திருக்கு. அந்த வரிசைக்கும் தூணுக்கும் நடுவுல எவ்வளவு இடம் விட்டிருக்காங்கன்னு டேப் வச்சு அளந்துக்க. கட்டினவங்க கொடுத்த அளவு அதுதான். மரம் இத்து நுனி குறைஞ்சிருந்தாலும் கல்லு மாறாது. அந்தக் குழி வரிசைக்கு நேரா உன் ஓட்டு நுனி வந்தாப் போதும்.

எங்க வீட்டுல மழைக் காலத்துக்கு முன்னாடி புரட்டாசியிலேயே ஆளை ஏத்தி நாலு கூடல்வாயும் கூட்டிடுவாங்க. முதல் மழைத் தண்ணியைப் பிடிக்க மாட்டோம், அது ஓட்டுத் தூசியெல்லாம் கொண்டுக்கிட்டு வரும். அடுத்த மழையிலேருந்து மூலைக்கு ஒரு கிடாரம் வச்சு, மேல வேட்டியைக் கட்டிப் பிடிப்போம். சமையலுக்கும் குடிக்கவும் அந்தத் தண்ணிதான். மிச்சம் முற்றத்து மடை வழியாத் தெரு வாய்க்காலுக்குப் போயி ஊருணியில சேரும். கான்ட்ராக்டர் சொல்றபடி தகரப் பீலி அடிச்சு பைப்புல இறக்கினா கிடாரத்துக்கு எங்க போறது? வெளிச்சம் வேணும்னா சுவருக்குச் சுண்ணாம்பு அடி. விளிம்பை விட்டுடு.

புதுவயல்_பிளாட்

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். மறுபக்கமும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகத் திண்டுக்கல் வரை போனதே, அப்போது எங்கள் பக்கத்தில் ஓட்டு வீடுகளில் முதலில் பறந்தது வெளியே நீட்டியிருந்த விளிம்பு வரிசைதான். விளிம்பு போனதும் காற்று உள்ளே புகுந்து மிச்சத்தையும் பிரித்தது. நீட்டல் இல்லாத கான்கிரீட் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்று, இப்போது மனையெல்லாம் 30 அடி, 40 அடிதான். பக்கத்தில் மூன்று அடி சந்து விட்டு, அதில் இரண்டு அடி கூரை நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? கோட்டையூர் வளவுக்குச் சொல்வதைப் புது மனைக்குச் சொல்ல முடியாது.

சிவகங்கை_சிவில்

நல்ல கேள்வி. காற்றைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. சுவரில் மோதிய காற்று மேலே ஏறி நீட்டலை அடியிலிருந்து தள்ளுகிறது. அதே நேரம் கூரை மேல் வேகமாகப் போகிற காற்று மேலிருந்து இழுக்கிறது. இரண்டும் ஒரே திசையில் சேருவது விளிம்பிலும் மூலையிலும்தான். காற்று விசைக்கான இந்திய தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியும் கூரையின் விளிம்பு, மூலைகளுக்குத் தனியாகக் கூடுதல் இழுப்பைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதற்காக நீட்டலையே எடுத்துவிடக் கூடாது, கட்டிப் பிடிக்க வேண்டும். முற்றத்து விளிம்பு நாலு பக்கமும் வீட்டால் மறைந்திருப்பதால் காற்று அதிகம் தொடாது. வெளிச்சுவர் விளிம்புதான் கவலை.

இனிப் புது அறை. நம் ஊர் பத்து டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் வெயில் தெற்கிலிருந்து ஏறக்குறைய 56 டிகிரி உயரத்தில் வரும். தெற்குச் சுவரில் இரண்டு அடி நீட்டல் இருந்தால் அந்த நேரத்தில் விளிம்பு மட்டத்திலிருந்து மூன்று அடி வரை நிழல் விழும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும், வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. ஆனால் உயரத்தில் இருப்பதால் ஒன்றரை அடி நீட்டலே சமாளிக்கும். மேற்குதான் கஷ்டம். சாயங்காலம் நாலு மணிக்குச் சூரியன் சுமார் 30 டிகிரிக்கு வந்துவிடும், இரண்டு அடி நீட்டல் அப்போது மறைப்பது ஓர் அடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மேற்கே தூண் வைத்த தாழ்வாரமோ திண்ணையோ போட்டால்தான் சுவர் சூடாகாது. அறையை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மழைக்குக் கணக்கு வேறு. சாரல் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்து அடித்தால் இரண்டு அடி நீட்டல் சுவரில் மேல் மூன்றரை அடியைக் காக்கும், மூன்று அடி நீட்டல் ஐந்து அடியை. 10 அடிச் சுவர் முழுவதையும் இந்த அளவு நீட்டல் காக்காது. ஆகவே ஜன்னலின் மேல்விளிம்பு கூரைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு நல்லது. விளிம்பிலிருந்து விழும் தண்ணீர் வெறும் மண்ணில் விழுந்தால் ஓர் அடி உயரத்துக்குச் சேறு தெறிக்கும். அந்த வரிசையில் இரண்டடி அகலத்துக்குக் கல் பாவியோ ஜல்லி கொட்டியோ விடுங்கள்.

சாய்வு கூரையில் நீட்ட நீட்ட விளிம்பு கீழே இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 30 டிகிரிச் சாய்வில் ஓர் அடி நீட்டலுக்கு ஏறக்குறைய 7 அங்குலம் இறக்கம். மூன்று அடி நீட்டினால் 21 அங்குலம். சுவர் உயரத்தை முதலிலேயே கூட்டி வைக்காவிட்டால் ஜன்னல் கதவு திறக்கும்போது விளிம்பில் இடிக்கும்.

கோட்டையூர்_வளவு

மிக்க நன்றி. ஆச்சி சொன்ன குழி வரிசையைப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. தூண் முகத்திலிருந்து இருபது அங்குலம். இப்போதைய ஓட்டு நுனி பல இடத்தில் அதற்கு நாலு விரல் உள்ளே நிற்கிறது.

புது அறையின் நீளச் சுவர் மேற்கு பார்த்தது. பின்னால் கிணற்றடி வரை இடம் இருக்கிறது, தாழ்வாரம் இறக்கத் தடையில்லை. தெற்குப் பக்கம் சந்து.

கான்கிரீட் நீட்டல் என்றால் கவனிக்க வேண்டியது என்ன?

சிவகங்கை_சிவில்

மேற்கே ஆறு அடிக்குக் குறையாமல் தாழ்வாரம் இறக்குங்கள். தெற்கே ஒன்றரை அடி நீட்டிப் பீலி போட்டுத் தண்ணீரை உங்கள் மனைக்குள்ளேயே இறக்குங்கள். சந்தில் எவ்வளவு நீட்டலாம் என்பதைப் பிளான் அனுமதி வாங்கும் இடத்தில் கேட்டு, வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள்.

கான்கிரீட் நீட்டலில் உயிர் போகிற விஷயம் கம்பி. வெளியே தொங்குகிற பலகைக்கு இழுவிசை மேல்பக்கம். ஆகவே முக்கியக் கம்பி மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மேலே நடந்து கம்பியை அடியில் அழுத்திவிடுவார்கள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, சென்ட்ரிங் பிரித்த அன்றோ, நாலு வருஷம் கழித்து யாராவது மேலே ஏறி நிற்கும்போதோ உடைந்து விழும். கம்பிக்கு அடியில் நாற்காலி போல் வளைத்த தாங்குகம்பி வைத்திருக்கிறார்களா என்று கொட்டுவதற்கு முன் நீங்களே நின்று பாருங்கள். சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீர்கள்.

அடுத்தது அடிவிளிம்பு. தண்ணீர் விளிம்பில் நேராகச் சொட்டாது, அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் ஊர்ந்து வரும். நுனியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, அடிப்பக்கம் நீளவாக்கில் அரை அங்குல ஆழத்துக்கு ஒரு காடி (பள்ளக் கோடு) விட்டால் அங்கேயே அறுந்து சொட்டிவிடும். பூச்சுக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள், பூசி முடித்த பிறகு வெட்டினால் ஓரம் பெயரும். உங்கள் பிளானில் சுவரோடு முடிகிற ஓட்டுக்கு இந்த வாய்ப்பே கிடையாது. ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் புகுந்த ஈரம் சுவர் உச்சியில்தான் வெளிவரும். பெயிண்ட் உரிவது அங்கேதான் தொடங்கும்.

பள்ளத்தூர்_மரவேலை

விளிம்பு வரிசை ஓடு பத்தி ரெண்டு வார்த்தை, புதுவயல் அண்ணன் கேட்டதுக்கும் சேர்த்து.

சீமை ஓட்டுல, அதான் மங்களூர் ஓட்டுல, ஒவ்வொரு ஓடும் கீழ் வரிசை ஓட்டு மேல சாஞ்சு நிக்கும். கடைசி வரிசைக்குக் கீழ ஓடு இல்ல. அதனால கடைசி ரீப்பரை (ஓட்டைத் தாங்கற குறுக்குச் சட்டம்) மட்டும் ஓட்டுக் கனம் அளவுக்கு உயரமாப் போடணும். எல்லா ரீப்பரையும் ஒரே அளவுல அடிச்சா கடைசி வரிசை மூக்கு கவிழ்ந்து நிக்கும், மேல் வரிசைக்கும் அதுக்கும் நடுவுல வாய் பிளந்துடும். காத்து புகுற வாய் அதுதான், அணில் புகுறதும் அதுலதான். புதுசா ஓடு மாத்தின வீட்டுல போய்ப் பாருங்க, முக்கால்வாசி வீட்டுல இந்த ஒரு ரீப்பரை விட்டிருப்பாங்க.

ஓட்டு நுனி முகப்புப் பலகையைத் தாண்டி ரெண்டு அங்குலம் வெளிய நிக்கணும். பலகையோட சமமா நிறுத்தினா தண்ணி பலகையில வழியும். விளிம்புலேருந்து மேல ரெண்டு வரிசைக்கும், மூலையைச் சுத்தியும், ஓட்டைச் செப்புக் கம்பியாலோ துருப்பிடிக்காத கம்பியாலோ ரீப்பரோட கட்டிடுங்க. சீமை ஓட்டுலயே அதுக்குத் துளை வச்ச ஓடு கிடைக்கும். நாட்டு ஓடா (கையால செஞ்ச வளைஞ்ச ஓடு) இருந்தா விளிம்பு வரிசையைச் சுண்ணாம்புச் சாந்துல பதிச்சு வாயை அடைக்கணும். சிமெண்ட் வேண்டாம். சிமெண்ட் ஓட்டைவிடக் கெட்டி, வெயில்ல வெடிக்கும், வெடிப்புல புகுந்த தண்ணி வெளியேற வழியில்லாம மரத்துலயே நிக்கும். உங்க வீட்டு நுனி இத்ததுக்கு யாராவது முன்னால பூசின சிமெண்ட் காரணமா இருக்கலாம், பிரிக்கறப்ப பாருங்க.

கஜாவுல கட்டாத விளிம்பு பறந்தது நிஜம். கம்பி போட்டுக் கட்டின விளிம்பு நின்னதையும் நான் பார்த்திருக்கேன்.

ஆவுடையார்கோயில்_பக்கம்

இழையை இப்போதுதான் படித்தேன். கூரை விளிம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுறை ஆவுடையார்கோயில் போய் மண்டபத்துக் கொடுங்கையை (கல்லில் வளைந்து நீட்டிய கூரை விளிம்பு) அண்ணாந்து பாருங்கள். புதிதாகக் கோயில் வேலை ஒப்புக்கொள்ளும் சிற்பிகள், ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். கல்லில் கைமரம், கல்லில் ரீப்பர், அதில் அடித்த ஆணியின் தலை வரைக்கும் கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள். மரக்கூரை விளிம்பு எப்படி நிற்க வேண்டும் என்பதைக் கைமரம் கைமரமாக அங்கே பார்த்துக்கொள்ளலாம். தச்சரை அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

கோட்டையூர்_வளவு

பங்காளிகளிடம் பேசிவிட்டேன். வெட்டுவது இல்லை, ஒட்டுப் போட்டு இருபது அங்குலத்துக்கே கொண்டுவருவது என்று முடிவு. புது அறைக்கு மேற்கே தாழ்வாரம், தெற்கே ஒன்றரை அடி. கான்ட்ராக்டருக்குச் சம்மதமில்லை, வேறு ஆள் பார்க்கிறோம்.

கடைசியாக ஒரு சந்தேகம். கூடல்வாய்க்குச் செப்புத் தகடு போடலாம் என்றிருக்கிறோம். தெற்கே பீலி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் போட்டால் போதுமா?

பள்ளத்தூர்_மரவேலை

வேற வேற கூரையா இருந்தாப் போடலாம். ஒரே ஓட்டத்துல மட்டும் சேர்க்காதீங்க. செப்புல ஓடி வர்ற தண்ணி ஜி.ஐ. தகட்டுல விழுந்தா துத்தநாகப் பூச்சைத் தின்னுடும், சீக்கிரம் ஓட்டை விழுந்துடும். முற்றத்துல கூடல்வாய் செப்புன்னா அதுக்குக் கீழ பீலியும் செப்பு, இல்லாட்டி பீலியே வேண்டாம், ஆச்சி சொன்னபடி கிடாரத்துல விழட்டும். அலுமினியத் தகடு மேல ஈரச் சுண்ணாம்புச் சாந்து படாமப் பாத்துக்கங்க, அதையும் அரிச்சிடும்.

தெற்குப் பீலிக்குப் பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் (சரிவு) கொடுங்க, தாங்கி ரெண்டு அடிக்கு ஒண்ணு. பீலியோட வெளி உதடு உள் உதட்டைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும், அடைச்சா வெளியில வழியும், சுவர்ப்பக்கம் வராது.

தேவகோட்டை_ஆச்சி

தை பிறந்ததும் ஆரம்பிச்சுடு தம்பி. மரம் காஞ்சு கிடக்கும், மழை வர்றதுக்குள்ள சுண்ணாம்பும் இறுகிடும். பிரிக்கிற நாட்டு ஓட்டைத் தூக்கிப் போட விடாதே. நல்லதாப் பொறுக்கி அடுக்கி வச்சா முற்றம் முழுக்க அதுவே வரும்.

பள்ளத்தூர்_மரவேலை

ஆச்சி சொன்னதுதான். சாக்பீஸ் கோடு போட்டதும் ஒவ்வொரு கைமரத்துலயும் சொத்தை எவ்வளவு நீளம், மரம் எத்தனைக்கு எத்தனை அங்குலம்னு குறிச்சு இங்கேயே போடுங்க. ஒட்டுத் துண்டுக்கு எவ்வளவு மரம் வேணும்னு கணக்குப் போட்டுத் தர்றேன்.